மூணாம் நம்பர் தகரம்

வாயக் கொஞ்சம் சும்மா வச்சிருங்கன்னா கலாமணி. நான் சத்தமே போடல. உதடு மட்டும் ஆடிருக்கும். அவ இஞ்சின ஸ்டாண்டுல மாட்டிட்டுக் குனிஞ்சு நட்டு கழட்டிட்டு இருக்கா, நான் ஸ்டூல்ல ஒக்காந்து பனியன் வேஸ்ட்டக் கிழிச்சுக் கிழிச்சு அவ கைக்கு நீட்டிட்டு இருக்கேன், மனசுக்குள்ள அந்தச் சத்தம் ஓடிட்டே இருக்கு, டொக், டொக், டொக், அதுக்கு உதடு தானா ஆடுது. கோயில் நோம்பி, கல்யாண வீடு, காலேஜ் விழான்னு இத்தன வருசமா பலகுரல் பண்ணிப் பொழச்ச உதடு, சும்மா இருன்னா இருக்குமா. தூக்கத்துல ரயில் விடுறீங்கன்னு முன்னெல்லாம் எழுப்பி எழுப்பித் திட்டுவா. இப்பத் திட்டறதில்ல, பழகிருச்சு போல, இல்ல நாந்தான் ரயிலு விடறத நிறுத்திட்டனோ என்னமோ. போன மாசந்தான் இதே இஞ்சின ஒண்ணொண்ணா அவளே கோத்து முடிச்சா. கோத்தகிரி போஜன் சாரோட பீட்டில் காரு. ஆமைக்கு வெள்ளப் பெயிண்ட்டு அடிச்ச மாதிரி இருக்கும், ரேடியேட்டர் கெடையாது, தண்ணியே வேண்டாம், பின்னாடி ஒரு காத்தாடி சுத்தி அந்தக் காத்துலயே இஞ்சினு குளுந்துக்கும். கலாமணிக்கு அது மேல அப்பிடி ஒரு கிறுக்கு. புது பேரிங்கு, புது ரிங்கு, ஒவ்வொண்ணையும் மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டற மாதிரி மண்ணெண்ணெயில கழுவிக் கழுவிப் போட்டா. அதுல போயி சத்தம் வருது. அந்தச் சத்தத்தக் கொண்டாந்து குடுத்தது நான். நேத்து சோறு போடும்போது சாதாரணமாத்தான் சொன்னா, ரசம் ஊத்திட்டே, போன வருசம் வேன் இஞ்சினு திரும்பி வந்துச்சு, இது ரெண்டாவது, இதுலயும் பேரிங்கு போயிருந்தா ஷட்டர எறக்கிட்டு மறுபடி பம்பு கம்பெனிக்கே போயர்றனுங்கன்னு. நான் உடனே பம்பு கம்பெனி சூப்பர்வைசர் கொரல்ல, வாம்மா கலாமணி, ஒன் ஸ்டூல் அப்பிடியே இருக்குன்னேன். அவ சிரிக்கல. ரசந்தான் கொஞ்சம் தெறிச்சுச்சு.

சத்தம் கொண்டாந்து குடுக்கறதுன்னா, அதுதான் எங்க பட்டறை வழக்கம். கணபதி ஏரியாவுல வேற எந்தப் பட்டறையிலயும் இப்பிடிக் கெடையாது. வண்டிய முடிச்சதும் அவ ஓட்டிப் பாக்க மாட்டா, நாந்தான் ஓட்டணும். போயி சத்தத்தக் கொண்டாங்கம்பா, கடைக்குப் போயி கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கங்கற மாதிரி. நான் ஓட்டிட்டு வந்து முன்னாடி நின்னு, ரெண்டாவது கியர்ல இப்பிடி, பிரேக்குப் புடிச்சா இப்பிடின்னு போட்டுக் காட்டணும். அவ என் நெஞ்சுல உள்ளங்கையப் பரத்தி வச்சு, கண்ண மூடிட்டு நிப்பா. அப்பறம் சொல்லுவா, கிளட்ச்சுப் பிளேட்டு, சைலென்சர் வாஷரு, எதுவோ ஒண்ணு, சொன்னாச் சரியா இருக்கும். அந்தக் கை ஆயில் நாத்தம் அடிக்கும், சட்டையில அஞ்சு வெரலும் பதியும், வீட்டுல எனக்கு வெள்ளச் சட்டையே இல்லாமப் போச்சு, ஆனா அந்தக் கையி அங்க வந்து ஒக்காருதே, கல்யாணமாகி இத்தன வருசங்கழிச்சு எந்தப் பொண்டாட்டி பட்டப்பகல்ல பட்டறை வாசல்ல வச்சுப் புருசன் நெஞ்சத் தொடறா? முன்னெல்லாம் தொட மாட்டா. இந்த ரெண்டு மூணு வருசமாத்தான். வயசானா பாசம் முத்தும்னு நெனச்சுக்கிட்டேன். போஜன் சார் வண்டிய மருதமலை ரோட்டுல ஏத்துனேன். சமமான ரோட்டுல ஒண்ணுமில்ல, தேன் மாதிரி ஓடுச்சு. மேட்டுல சூடேறி, வளைவுல மிதிச்சப்பத்தான் பின்னாலருந்து கேட்டுச்சு. எறங்கறப்ப நின்னு போச்சு. பட்டறைக்கு வந்து சேரறப்ப குளுந்துட்டு, எனக்கொண்ணுந் தெரியாதுங்கன்னு நின்னுச்சு வண்டி. வாங்க போடுங்கன்னா. கைய வச்சா. போட்டேன். டொக், டொக், டொக். அவ கை நெஞ்சுல இருந்து எடுக்கறப்ப மெதுவா எடுத்தா, சுட்டுட்ட மாதிரி இல்ல, எழவு வீட்டுல தொட்டுட்டு எடுக்கற மாதிரி. பேரிங்குங்கன்னா. அவ்வளவுதான்.

எடுத்தாச்சு, மேல்தகரம் எல்லாம் எடுத்தாச்சு. காத்து வழி மாறிப் போயிராம இஞ்சினச் சுத்திப் போத்தியிருக்கற தகரங்க, துணி அவுக்கற மாதிரி ஒண்ணொண்ணா அவுத்து எங்கால்கிட்டப் போடறா. கறுப்புப் பெயிண்ட்டு, அவளே அடிச்சது. மூணாம் நம்பர் சிலிண்டருக்குக் கீழ இருந்து வந்த தகரத்துல ஒரு மூலையில மட்டும் பெயிண்ட்டுத் தேஞ்சு பத்து பைசா கணக்கா மினுங்குது. அழகா இருக்கு. காலால நவுத்தி வச்சேன். ஆயில எறக்கி அடியில இருக்கற சல்லடையக் கழட்டி வெளிச்சத்துல புடிக்கறா. பேரிங்கு தேஞ்சிருந்தா அதுல பொடி பொடியா மினுங்கும், ஜரிகை உதுந்த மாதிரி. நானும் எட்டிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. சுத்தமா, காப்பி வடிகட்டி மாதிரி இருக்கு. அப்பாடான்னு மூச்சு விடப் போனவன் பாதியில நிறுத்திட்டேன். ஏன்னா பேரிங்கு நல்லா இருந்தா என்ன அர்த்தம்? அவ வேல சுத்தம்னு அர்த்தம், சந்தோசம், ஷட்டரு எறங்காது. ஆனா அப்ப டொக்குனு நான் போட்டது என்ன? எங்கிருந்து எடுத்தேன்? நல்லா ஓடற இஞ்சின என் வாயி கழட்ட வச்சிருச்சுன்னு அர்த்தம். பேரிங்கு போயிருந்தா அவ போச்சு, போகாம இருந்தா நான் போனேன். நான் போனா பரவால்லன்னு சொல்றதுக்கு நெஞ்சு இருக்கா நாச்சிமுத்து உனக்கு? இருக்கு. இருக்குன்னுதான் நெனைக்கறேன். இருந்தாலும் கொஞ்சூண்டு, ஒரு ஓரத்துல, ஒரு சின்னக் கீறல் மட்டும் இருந்துட்டா ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாமேன்னு ஒரு நெனப்பு ஓடுச்சு பாருங்க, அதுக்கு என்னச் செருப்பால அடிக்கணும்.

போன் அடிக்குது. அவ பக்கத்துல பெஞ்சு மேலதான் கெடக்கு, எடுக்க மாட்டா. எப்பவும் அப்பிடித்தான், நீங்களே பேசிருங்க, கையெல்லாம் ஆயிலும்பா, கை கழுவி நிக்கறப்பவும் அதையேதான் சொல்லுவா, போனுன்னா அவளுக்குக் கசப்பு. போஜன் சாரு. ஞாயித்துக்கெழம மகளும் மருமகனும் வர்றாங்களாம், அவங்கள அந்த வண்டியிலதான் மலைக்குக் கூட்டிட்டுப் போவாராம், ரெடியான்னு கேக்கறாரு. இஞ்சினு இங்க ஆட்டுக்கறிக் கடை மாதிரி துண்டு துண்டாத் தொங்கிட்டு இருக்கு. நான் டப்புனு வயசான வாட்ச்மேன் கொரலுக்குப் போயி, அம்மா வெளிய போயிருக்குதுங்க சாமி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க, வெள்ளயா ஒரு வண்டி நிக்குதுங்க, அது ஒங்களுதுதானுங்களான்னு கேட்டேன். ஆமா ஆமா அது எங்களுதுதான்னு சாரு சந்தோசமா வச்சுட்டாரு. இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன், சிரிச்சிருப்பாளான்னு. இஞ்சினுக்குள்ள மூஞ்சிய விட்டுட்டு இருக்கா. யாருங்க போன்லன்னு கேட்டா. பக்கத்துல நின்னுட்டுத்தான கேட்டுட்டு இருந்தா, போன்ல பேரப் பாத்து போஜன் சார்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான எடுத்தேன். இஞ்சின் நெனப்புல இருக்கா பாவம். போஜன் சாருன்னு சொன்னேன். உம்னா. எங்கொரலுக்கு ஒரு உம். ஒரு காலத்துல இப்பிடியா இருந்துச்சு.

மொதமொதல்ல அவளப் பாத்ததே ஒரு சிரிப்புலதான். பம்பு கம்பெனி ஆண்டு விழா, மேடையில நான், கீழ ஆயிரம் பேரு, போர்வெல் மோட்டாரு தண்ணி இல்லாம ஓடறத நான் போடறேன். பலகுரல்னா கொரலு பாதி, எடைவெளி பாதி. கரெக்டான எடத்துல ஒரு மூச்சு நிறுத்தணும், கூட்டம் ஏங்கும், அப்பப் போட்டாத்தான் சிரிப்பு வெடிக்கும். அன்னைக்கு நான் நிறுத்துன எடத்துலயே ஒரு சிரிப்பு கேட்டுச்சு. நான் போடறதுக்கு அர மூச்சு முன்னாடி. நாலாவது வரிசையில, டெஸ்டிங் செக்சன் யூனிபார்ம்ல ஒருத்தி. ஆயிரம் பேரு அவளுக்குப் பின்னாடிதான் சிரிச்சாங்க. எறங்கி வந்தப்ப நேரா வந்து, நல்லாருந்துச்சுங்க, ஆனா தண்ணி ஏறாத பம்புக்கு இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேணுமுங்கன்னா. எவளாவது இப்பிடிப் பேசுவாளா? அந்தக் கரகரப்பச் சேத்தேன், அடுத்த மாசமே பொண்ணு கேட்டுப் போயிட்டேன். அதுக்கப்பறம் எங்க மேடை ஏறுனாலும் கூட்டத்துல அவ சிரிப்பத்தான் தேடுவேன். எப்பவும் அர மூச்சு முன்னாடி வரும். அத வச்சுத்தான் நான் ஓட்டுவேன், பஸ்சுக்கு விசில் மாதிரி. அது எப்ப மாறுச்சுன்னு தெரியல. ஒரு நா அவிநாசியில ஒரு கல்யாணத்துல எல்லாரும் சிரிச்சு முடிச்சப்பறம் அவ சிரிச்சா. அர மூச்சு பின்னாடி. அப்பறம் எப்பவுமே பின்னாடிதான். டைமிங்குல பொழப்பு நடத்தறவனுக்கு அது ஊசி குத்தற மாதிரி. எங்கிட்டதான் என்னமோ போச்சு, சரக்கு பழசாயிருச்சு, எடைவெளி தப்புது, எல்லாத்துக்கும் முன்னாடி கண்டுபுடிக்கறவளே இப்ப மரியாதைக்குச் சிரிக்கறா. கேட்டுட்டனா? கேக்கல. கேட்டு, ஆமாங்க முன்ன மாதிரி இல்லீங்கன்னு அவ சொல்லிட்டா, எங்க போயி ஒக்காருவேன்.

சிலிண்டர மூடற ஹெட்டு ரெண்டும் எடுத்தாச்சு. பிஸ்டன் நாலும் வெளிய வந்தாச்சு. இந்த இஞ்சின்ல சிலிண்டருங்க நிக்காது, படுத்திருக்கும், பக்கத்துக்கு ரெண்டா, சண்ட போட்டுட்டு முதுகத் திருப்பிப் படுத்த புருசன் பொண்டாட்டி ரெண்டு ஜோடி மாதிரி. வெடிக்கறது ஒண்ணு, நாலு, மூணு, ரெண்டுன்னு வரிச. ஜமாப் மேளம் அடிக்கற மாதிரி ஒரு தாளம் வரும், அத நான் மேடையிலயே போடுவேன். மூணாம் நம்பருக்குத்தான் காத்து கொஞ்சம் கம்மி, குறுக்க ஆயில் கூலரு நிக்குது, சூடு தாங்காது, நாலு அண்ணந்தம்பில ஒருத்தன் எப்பவும் கடுகடுன்னு இருப்பான் பாருங்க, அந்த மாதிரி. கலாமணி அவனத்தான் ரொம்ப நேரம் தடவிப் பாத்தா. நகத்தக் குறுக்க ஓட்டுனா. கீறல் இல்ல. சிலிண்டருக்குள்ள வெரல விட்டுச் சுத்துனா, கண்ண மூடிட்டு. கண்ண மூடிட்டு அவ எதையாச்சும் தொடறப்ப அந்த மூஞ்சியில ஒண்ணு வரும், சாமி கும்புடறப்பக் கூட வராது. இப்பவும் வந்துச்சு. பயத்தோட சேந்து வந்துச்சு. எனக்கு எந்திரிச்சுப் போயி அந்தப் பின்கழுத்து வேர்வையத் தொடைக்கணும் போல இருந்துச்சு, கையில பனியன் வேஸ்ட்டுத்தான், தொடச்சா ஆயிலாகும், ஒக்காந்துட்டேன். ரெண்டு பாதியாப் பிரிக்கணும் இனி. போல்ட்டெல்லாம் எறக்கியாச்சு, ரப்பர் சுத்தியல்ல ஓரத்துல தட்டறா, புடிங்கன்னா, புடிச்சேன், பலாப்பழம் பொளக்கற மாதிரி ஒரு இழுவல், அப்பறம் விட்டுச்சு. உள்ள கிராங்க்குத் தண்டு, ஆயில் பூசிக் கறுப்பா பளபளன்னு. ஒவ்வொரு பேரிங்கா எடுத்துத் தொடச்சு உள்ளங்கையில வச்சுப் பாக்கறா. நான் பாக்கல, அவ மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன். ஒண்ணு. அடுத்தது. அடுத்தது. பொறாக் கழுத்துச் சாம்பலு, சமமா, ஒரே நெறமா. கடைசியா எடுத்தத ரொம்ப நேரம் வச்சிருந்தா. ஒண்ணுமே இல்லீங்கன்னா. சந்தோசமாச் சொல்லல. வழி தெரியாதவ ரோட்டுல நின்னு சொல்ற மாதிரி சொன்னா. ஒண்ணுமே இல்லீங்க, அப்பறம் எது சத்தம் போட்டுச்சு? எந்திரிச்சுக் கொழாய்கிட்டப் போயி எனக்கு முதுகக் காட்டிட்டு சோப்பு எடுத்தா.

அப்ப நாந்தான். போச்சு. டொக்கு போட்ட வாயி இது. எங்கிருந்து வந்துச்சு அது? மேடையில பழைய லாரிக்கு நான் போடற டொக்குதானோ, அதத் தூக்கி இந்த வண்டிக்கு வச்சுட்டனோ? மருதமலை வளைவுல உண்மையா என்ன கேட்டுச்சு, நெனச்சுப் பாரு, நெனச்சுப் பாரு. வேல ஓடாம கீழ கெடந்த தகரங்கள அடுக்க ஆரம்பிச்சேன். அந்த மினுங்கற தகரத்த ஒரு வெரல்ல மாட்டித் தூக்கறப்ப அது ஸ்டாண்டுக் காலுல லேசாப் பட்டுச்சு. ட்டிண். எனக்குக் கை நின்னு போச்சு. இதுதான். வளைவு, மூணாவது கியரு, ரோட்டோரத்து வேப்பமரம், எல்லாம் அந்த ஒரு ட்டிண்ணுல வந்து நின்னுச்சு. ஸ்குரூ சரியா உக்காராம, சூடேறுனா இந்தத் தகரம் மூணாம் நம்பர் அடியில இருக்கற இஞ்சின் டியூப்புல ஒரசியிருக்கு, அதான் அந்த மினுக்கம். காலைலருந்து எங்கால்கிட்டத்தான் கெடந்துச்சு. அம்மிணின்னு கூப்புட்டேன். திரும்பல. கொழாயத் தொறக்கவே இல்ல இன்னும், சோப்பத் தேச்சுட்டுத்தான் இருக்கா. ஸ்பேனர எடுத்துத் தகரத்துல தட்டுனேன். ட்டிண். திரும்பல. ஒரு எடைவெளி விட்டு, மேடையில விடற மாதிரி, யாரா இருந்தாலும் திரும்பற எடத்துல, ஓங்கித் தட்டுனேன். வெளிய தெருவுல போற நாயி திரும்பிப் பாத்துச்சு. கலாமணி சோப்பு தேச்சுட்டு இருந்தா.

ரயிலு. தூக்கத்துல நான் விடற ரயிலு. அது நிக்கல, அவளுக்குக் கேக்கறது நின்னிருக்கு. போனு. போன் கசப்பெல்லாம் ஒண்ணுமில்ல. உதடு ஆடுனதுக்கு வாய மூடுங்கன்னாளே. அவிநாசிக் கல்யாணம், அர மூச்சு பின்னாடி, எல்லாரும் சிரிக்கறதப் பாத்துட்டுச் சிரிச்சிருக்கா. எஞ்சரக்கு பழசாகல. அய்யோ, அது பழசாயிருந்தாலே பரவால்லையே. டெஸ்டிங் செக்சன்ல பம்புக்கு நடுவுல அத்தன வருசம் நின்ன காது. ஓட்டிப் பாக்க என்ன அனுப்புனது அதுக்குத்தான். அப்பறம் அந்தக் கையி. என் நெஞ்சு மேல பரப்பி வைக்கற கையி. பாசம்னு நெனச்சு வெள்ளச் சட்டையெல்லாம் குடுத்தேனே, அது கேட்டுட்டு இருந்திருக்கு. அது தெரியாம நான், கையி வந்து ஒக்காந்த எடத்துக்கு, அது சந்தோசப்படட்டும்னு, சத்தத்த அடி நெஞ்சுல இருந்து எடுத்துக் குடுத்திருக்கேன். தகரத்துக்கு எதுக்குடா நெஞ்சு.

அவ கையத் தொடச்சுட்டே திரும்புனா, எம்மூஞ்சியப் பாத்தா, நின்னா. என்னுங்க ஆச்சுன்னா. நான் தகரத்த அவ உள்ளங்கையில வச்சு, ஸ்பேனர்ல ஒரு தட்டுத் தட்டுனேன். கண்ண மூடுனா. இன்னொண்ணுன்னா. தட்டுனேன். தகரத்த எறக்கி வச்சுட்டு, ஈரக் கைய எடுத்து என் நெஞ்சுல வச்சா, போடுங்கன்னா. இந்தத் தடவ உண்மையாப் போட்டேன், நாக்கு நுனிய மேல் பல்லுல ஒட்டி, ட்டிண், ட்டிண். நெஞ்சுல ஒண்ணும் அதிராது அதுக்கு. அவ கையி அங்க கொஞ்ச நேரம் தேடுச்சு. கழுத்துக்கு வந்துச்சு. தாடைக்கு வந்துச்சு. கன்னத்துல வந்து நின்னுச்சு.

"இங்க இருக்குதுங்க," ன்னா. "இதுக்கு எதுக்குங்க அன்னைக்கு நெஞ்சுல இருந்து போட்டீங்க?"

"நீ அங்கதான கைய வச்ச அம்மிணி."

கொஞ்ச நேரம் கன்னத்துல இருந்து கைய எடுக்கல. கண்ணுதான் தகரத்துக்கும் எனக்குமா போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. எப்பத் தெரியும்னு கேட்டா. இப்பத்தான், நீ சோப்புத் தேக்கறப்பன்னேன், உதட்ட நல்லா விரிச்சுச் சொன்னேன். எனக்கு அந்த வேனுக்கு முன்னாடியிருந்தே தெரியுமுங்கன்னா, நீங்க ஊர்ல இல்லாதப்ப அது போட்ட சத்தம் எனக்குக் கேக்கவே இல்லீங்க, அதான் அது எறுகி சீஸ் ஆச்சு, ஒங்ககிட்டச் சொன்னா எனக்காகக் கத்திக் கத்திப் பேசி ஒங்க தொண்ட போயிருமேன்னு. எந்தொண்டைக்காக இவ காத மறச்சிருக்கா. நாளைக்கு டாக்டர்கிட்டப் போறமுன்னேன். தலையாட்டுனா. ஷட்டருன்னேன். பிரிஞ்சு கெடந்த இஞ்சினப் பாத்தா, அவ கோத்தது, ஒரு கீறல் இல்லாதது. அந்தப் பேரிங்க மறுபடி எடுத்துக் கட்டை வெரலால ஒரு தடவு தடவுனா. அந்த ஸ்குரூவ மொதல்ல மாத்தணுமுங்கன்னா, கை சரியாத்தான வேல செஞ்சிருக்குது, ஞாயித்துக்கெழம வண்டி மலையேறணுமில்லன்னா. சொல்லிட்டு மறுபடி கைய நெஞ்சுல வச்சா. சத்தத்துக்கு இல்ல, சும்மா. இந்தத் தடவ நெஜமாவே சும்மா.

விடுவனா. காலைலருந்து அடக்கி வச்ச வாயி இது. சாவி திருகுனேன், தோளு குலுங்குச்சு, கண்ண உருட்டுனேன், உதடு ஒண்ணு நாலு மூணு ரெண்டுன்னு ஆடுச்சு, கன்னம் உப்புச்சு, மருதமலை மேட்டுல கியரு மாத்துனேன், எல்லாம் பண்ணுனேன், ஒரு பொட்டுச் சத்தம் போடல. நெஞ்சுல ஒண்ணும் இல்ல. அவ கை அழுத்திப் பாத்துச்சு. முகத்துல ஒரு சிரிப்பும் இல்லாம, கஸ்டமர்கிட்டப் பேசற கொரல்ல சொன்னா, "வண்டி ஸ்டார்ட்டே ஆகலீங்களே." நான் நிறுத்தல. வளைவுக்கு வந்தேன். அங்கதான் மூச்ச நிறுத்தணும், நிறுத்துனேன், அடுத்தது என்ன பண்ணப் போறேன்னு எனக்கே இன்னும் முடிவாகல. அதுக்குள்ள கலாமணி சிரிச்சுட்டா. அர மூச்சு முன்னாடி.